மின்சாரம் போகும் ஊரில் இரட்டைச் சர்வர்: கோப்புப் பகிர்வு கிளஸ்டர் எப்படி வேலை செய்கிறது?

மலையகத்தில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் வட்டார அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பல தோட்டங்களின் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு, கொழுந்து நிறுவைக் கணக்கு, ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிப் பட்டியல், கடன் பிடித்தங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. பத்தாம் திகதி சம்பளம். ஏழாம் எட்டாம் திகதிகளில் அந்தச் சர்வர் படுத்துவிட்டால் அலுவலகம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் என்றால் பழுதான மதர்போர்டுக்கு மாற்று அன்று பின்னேரமே கைக்கு வந்துவிடலாம். பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ அது மலையேறி வர வேண்டும். கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் ஏ7 வீதியில் மண் சரிந்து, ரயிலும் நின்றுபோனால் பொருளும் வராது, திருத்துகிற ஆளும் வரமாட்டார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டின் பல இடங்களில் வீதி, மின்சாரம், தொலைபேசி மூன்றும் ஒன்றாகப் போயின. ஆகவே இங்கே இரண்டாவது சர்வர் வைப்பதற்கு உண்மையான காரணம் பழுது அடிக்கடி வருவதல்ல. வந்த பழுதைத் திருத்த நாள் பிடிக்கிறது, அதுதான்.

ஒன்று விழுந்தால் மற்றது அதன் வேலையை ஏற்கும்படி சேர்த்து இயக்கும் சர்வர்களைத்தான் கிளஸ்டர் என்கிறோம். சரி, இரண்டு சர்வர் வாங்கிவிட்டால் போதுமா? ஒன்று போனால் மற்றது ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடவைப்பது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. மற்றது நிஜமாகவே செத்துவிட்டதா, அல்லது இரண்டுக்கும் நடுவில் பேச்சு மட்டும் நின்றுபோனதா என்று உயிரோடிருக்கும் சர்வருக்குத் தெரியவைப்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. மின்சாரம் அடிக்கடி போய்வரும் ஊரில் அது இன்னும் கூடும்.

காத்திருக்கத் தெரிந்த நெறிமுறை

லினக்ஸ் சர்வர்களில் கோப்புகளை நெட்வர்க் வழியே பகிர வழக்கமாகப் பயன்படும் நெறிமுறை என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் வெளியிட்டது. அதன் முதல் பதிப்புகள் ஒரு எளிய கொள்கையில் நின்றன: சர்வர் யாரையும் ஞாபகம் வைத்திருக்காது. கோப்பைக் கேட்கும் கணினி, அதாவது கிளையன்ட், ஒவ்வொரு தடவையும் "இன்ன கோப்பில், இந்த இடத்திலிருந்து, இத்தனை பைட் கொடு" என்று முழு விவரத்தோடு கேட்கும். நடுவில் சர்வர் விழுந்து எழுந்தாலும் அதே கேள்வியை மறுபடி கேட்டால் போதும். பதில் சொல்வது பழைய இயந்திரமா புதியதா என்று கிளையன்ட் கவலைப்படாது. ஒரே கோப்பில் இருவர் ஒன்றாக எழுதாமல் தடுக்கும் பூட்டுகளை மட்டும் பக்கத்தில் வேறொரு துணை நெறிமுறை பார்த்துக்கொண்டது. அந்த ஒட்டுவேலை என்றுமே அவ்வளவு நம்பகமாக இருந்ததில்லை.

கேள்வியை எத்தனை தடவை கேட்பது? ஹார்ட் மவுண்ட் முறையில் (மவுண்ட் என்றால் சர்வரின் ஃபோல்டரைத் தன் கணினியில் இணைப்பது), பதில் வரும்வரை. திரையில் புரோகிராம் அசையாமல் நிற்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி விழும். சர்வர் திரும்பியதும் 'சரி' என்று இன்னொரு வரி. வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். சாஃப்ட் மவுண்டில் கிளையன்ட் சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிழை என்று சொல்லிக் கைவிட்டுவிடும். அந்தப் பிழையை ஒழுங்காகக் கையாளாத மென்பொருள், பாதி எழுதிய கோப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகும். தொங்கி நிற்கிறதே என்ற எரிச்சலில் சாஃப்டுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. எழுதும் கோப்புகள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒரு சர்வர் விழுந்து மற்றது பொறுப்பேற்கும் அந்தச் சிறு இடைவெளியை மறைப்பதே கிளையன்டின் இந்தப் பொறுமைதான்.

2000இல் முதலில் வரையறுக்கப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட நான்காம் பதிப்பு, பழைய கொள்கையிலிருந்து விலகியது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், யார் பூட்டியிருக்கிறார் என்று சர்வரே கணக்கு வைக்கும். கிளையன்டுக்குக் கிடைப்பது குத்தகை மாதிரியான உரிமை, குறித்த நேரத்துக்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதனால் ஒரு சர்வரிடமிருந்து மற்றதற்குப் பொறுப்பு மாறும் இடமாற்றத்தின்போது புதிய படி ஒன்று வருகிறது. பொறுப்பேற்ற சர்வர், முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் வந்து தங்கள் உரிமையைத் திரும்பக் கேட்கட்டும் என்று சலுகை நேரம் கொடுக்கும். அதுவரை புதிதாகக் கோப்புத் திறக்க வருகிறவர்கள் காத்திருக்க வேண்டும். லினக்ஸில் இந்த நேரம் இயல்பாக 90 விநாடி.

இதை அறியாதவர்கள் குழம்பிப்போகும் இடம் இது. சர்வர் மாறிவிட்டது, முகவரி மாறிவிட்டது, பிங் போகிறது, ஆனால் திரை மட்டும் ஒன்றரை நிமிஷமாக அசையவில்லை. அந்த நேரத்தில்தான் யாராவது பொறுமை இழந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரின் பவர் பட்டனை அமுக்குவார்கள். சலுகை நேரத்தையும் குத்தகை நேரத்தையும் சேர்த்தே குறைக்கலாம். 2010இல் வந்த 4.1 பதிப்பில் கிளையன்ட் 'நான் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டேன்' என்று அறிவிக்க முடியும் என்பதால், எல்லோரும் அறிவித்துவிட்டால் சலுகை நேரம் முன்கூட்டியே முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்பு யார் யார் இருந்தார்கள் என்று புதிய சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு வார் அடைவுக்குள் லிப், அதற்குள் என்எஃப்எஸ் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அதையும் இரு சர்வருக்கும் பிரதியாகும் டிஸ்குக்கு நகர்த்தாமல் விட்டால், பொறுப்பேற்ற சர்வருக்கு எல்லாரும் அந்நியர்தான். பூட்டு கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுக்கும் வரிசையும்

தனியாகப் பெரிய சேமிப்புப் பெட்டி வாங்க வசதியில்லாத இடங்களில் வழக்கமான வடிவம் இது: இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் அதன் சொந்த டிஸ்க். ஒன்றில் எழுதுவதை டிஆர்பிடி என்ற மென்பொருள் மற்றதில் அப்படியே பிரதி எடுக்கும். வியன்னாவின் லின்பிட் நிறுவனம் உருவாக்கிய இது 2010இல் லினக்ஸ் கெர்னல் 2.6.33இல் சேர்க்கப்பட்டது. ஏ, பி, சி என்று மூன்று முறைகள் இதில் உண்டு. ஏ முறையில் தன் டிஸ்கில் எழுதி, மற்றதற்கு அனுப்ப எடுத்து வைத்தவுடனேயே 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும். சி முறையில் இரண்டு டிஸ்கிலும் எழுதி முடித்த பிறகுதான் சொல்லும். கிளஸ்டருக்கு சி மட்டுமே. அதேபோல என்எஃப்எஸ் பகிர்வு அமைப்பில் சின்க் என்று இருப்பதை வேகத்துக்காக ஏசின்க் ஆக்கினால், டிஸ்குக்குப் போகாததையும் போய்விட்டதாகச் சர்வர் கிளையன்டிடம் சொல்லும். அந்த நொடியில் விழுந்தால் இரண்டு பிரதி இருந்தும் பிரயோசனமில்லை.

சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்வது கொரோசின்க் என்ற மென்பொருளின் வேலை. எதை எங்கே ஓட்டுவது என்று முடிவெடுப்பது பேஸ்மேக்கர் என்ற இன்னொன்று. இடமாற்றத்தில் வரிசை முக்கியம்: முதலில் டிஆர்பிடி பிரதியை முதன்மையாக உயர்த்த வேண்டும், பிறகு கோப்பமைப்பை மவுண்ட் செய்ய வேண்டும், பிறகு என்எஃப்எஸ் சேவை, பிறகு பகிர்வுகள், கடைசியில்தான் இரண்டுக்கும் பொதுவான, பொறுப்பில் இருக்கும் சர்வரோடு மாறும் மிதக்கும் ஐபி முகவரி. முகவரி முந்திக்கொண்டு வந்து பகிர்வு இன்னும் வராதிருந்தால், காத்திருந்த கிளையன்டுக்கு 'இந்தக் கோப்பு அடையாளம் செல்லாது' என்று பதில் போய்விடும். பிறகு அதன் பொறுமையால் பயன் இல்லை, மவுண்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். பகிர்வுக்குரிய எஃப்எஸ்ஐடி எண் இரு சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான், அந்த எண் கோப்பு அடையாளத்தின் ஒரு பகுதி.

இதெல்லாம் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. இனி வருவது அப்படியல்ல.

செத்ததை யார் உறுதிப்படுத்துவது?

இரண்டு சர்வருக்கும் நடுவில் உள்ள கேபிள் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நலம். ஆனால் ஒவ்வொன்றும் மற்றது செத்ததாக நினைக்கும். இரண்டுமே தன்னை முதன்மை ஆக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தால், ஒரே செக்ரோலை இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு புத்தகத்தில் எழுதிய கதைதான். ஒன்றில் இருபத்தைந்து நாள் வேலை பதிந்திருக்கும், மற்றதில் முன்பணம் கழிந்திருக்கும். எதை வைத்துக்கொண்டு எதைக் கிழிப்பது? டிஆர்பிடி இந்தப் பிளவைக் கண்டுபிடித்து இணைப்பை நிறுத்திவிடும், இணைத்துத் தராது. ஒரு பக்கத்தில் எழுதியதை மனிதர் ஒருவர் தூக்கி எறிந்தே ஆக வேண்டும்.

இதைத் தடுக்க இருப்பதுதான் ஃபென்ஸிங். லினக்ஸ் கிளஸ்டர்காரர்கள் வைத்த இன்னொரு பெயர் ஸ்டோனித், 'மற்ற நோடைத் தலையில் சுடு' என்ற வாசகத்தின் சுருக்கம் (நோட் என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்). சந்தேகம் வந்தால், பொறுப்பேற்கும் முன்பு மற்றதன் மின்சாரத்தை அறுத்துவிடு, அறுந்தது உறுதியானால் மட்டும் தொடங்கு. உறுதியாகாவிட்டால் பேஸ்மேக்கர் எதையும் தொடங்காமல் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைப் பார்த்து 'ஃபென்ஸிங் தொல்லை' என்று அதை முடக்கிவைக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. முடக்கினால் சோதனையில் எல்லாம் அழகாக ஓடும். நிஜமான பிளவு வரும் நாளில் தரவு போகும்.

பெரும்பாலானோர் சர்வரின் போர்டிலேயே இருக்கும் நிர்வாகச் சிப்பை, அதாவது ஐபிஎம்ஐ வழியை, இதற்குப் பயன்படுத்துகிறார்கள். தரவு மையத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். மலைநாட்டில் அதுவே பொறி. அந்தச் சிப்புக்கும் மின்சாரம் அதே சர்வரின் பவர் சப்ளையிலிருந்துதான் வருகிறது. ஒரு சர்வரின் யூபிஎஸ் செத்து, அதற்கு மின்சாரம் முழுதாக நின்றுவிட்டால் சிப்பும் சேர்ந்து போய்விடும். உயிரோடிருக்கும் சர்வர் 'மற்றதை அணை' என்று கேட்கும், பதிலே வராது. பதில் வராததால் உறுதி கிடைக்காது, உறுதி கிடைக்காததால் சேவை தொடங்காது. எந்த நிகழ்வுக்காகக் கிளஸ்டர் போட்டோமோ, அந்த நிகழ்விலேயே அது கைகட்டி நிற்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபென்ஸிங்கை இரண்டு மட்டமாக வைப்பது: முதலில் ஐபிஎம்ஐ, அது பதில் தராவிட்டால் நெட்வர்க் வழியே கட்டுப்படுத்தக்கூடிய மின்பலகை. அந்தப் பலகைக்கு வேறு மூலத்திலிருந்து மின்சாரம் போக வேண்டும், இல்லாவிட்டால் அதே கதை. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: வாட்ச்டாக். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வன்பொருள் கடிகாரம் இருக்கும். எஸ்பிடி என்ற சேவை அதைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பான்மையை இழந்த சர்வரில் எஸ்பிடி தட்டுவதை நிறுத்திவிடும், கடிகாரம் சர்வரை ரீசெட் செய்யும். மறுபக்கத்துச் சர்வர் யாரிடமும் உறுதி கேட்க வேண்டியதில்லை. குறித்த நேரம், பொதுவாக வாட்ச்டாக் நேரத்தின் இருமடங்கு, கழிந்ததும் மற்றது கட்டாயம் நின்றிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அது மின்சாரம் இல்லாமல் செத்தாலும் சரி, கேபிள் கழன்று தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டாலும் சரி, முடிவு ஒன்றே.

ஆனால் 'பெரும்பான்மை' என்பதற்கு இரண்டு பேர் போதாது, மூன்றாவது வாக்கு வேண்டும். கொரோசின்க்கின் கியூடிவைஸ் என்ற துணைச் சேவை இதைத் தருகிறது. இதற்கு டிஸ்கோ வேகமோ வேண்டாம், ராஸ்பெரி பை என்ற கையடக்கமான கணினி போதும். பலர் அதைக் கொழும்பில் வாடகைச் சர்வரில் வைக்கப் பார்க்கிறார்கள். காற்றும் மழையும் வந்தால் இணைய லைனும் மின்சாரமும் ஒன்றாகத்தான் போகும் என்பதை யோசித்தால், அதே கட்டடத்தில் தனியான சின்ன சூரியப் பலகையும் பற்றரியும் கொடுத்து வைப்பது நல்லது.

இந்த வழிகளெல்லாம் கைவிட்டால் கடைசியாக ஒரு கட்டளை இருக்கிறது: 'அது செத்துவிட்டது, நான் உறுதி சொல்கிறேன்' என்று நிர்வாகி கையால் அறிவிப்பது. மற்றச் சர்வரின் மின்கம்பியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கிய பிறகு மட்டுமே அதைத் தட்ட வேண்டும். ஹட்டனில் இருக்கும் சர்வருக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டுத் தட்டக்கூடாது.

மின்சாரம் திரும்பும் நேரம்

காசல்ரீ, மவுசாகலை, லக்சபான என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் பிறக்கும் இடங்கள் நமக்குப் பக்கத்தில்தான். ஆனாலும் சவுக்கு மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள தொழிலாளர் லயன் வீடுகளே இருண்டுபோகின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் நாடு முழுவதுமே இருண்டது. இப்படியான ஊரில் மின்சாரம் போவதை விட அது திரும்பும் விதம்தான் ஆபத்தானது.

இரண்டு சர்வரையும் ஏ, பி என்று அழைப்போம், இரண்டுக்கும் தனித்தனி யூபிஎஸ். பி சர்வரின் பற்றரி பழையது, பத்து நிமிஷத்தில் விழுகிறது. ஏ மட்டும் மேலும் இருபது நிமிஷம் ஓடுகிறது, அந்த இருபது நிமிஷத்தில் ஆபீசில் லேப்டாப்பில் இருப்பவர்கள் சம்பளப் பட்டியலைச் சேமிக்கிறார்கள். பிறகு ஏயும் விழுகிறது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது பி. அதன் டிஸ்கில் இருப்பது இருபது நிமிஷப் பழைய தரவு. ஏ அதன் பிறகும் எழுதியது என்பது பிக்குத் தெரியவே வழியில்லை. தனியாகப் பொறுப்பேற்றுச் சேவை தொடங்கினால் பழைய பட்டியல் உயிர்பெற்றுவிடும்.

இதைத் தடுக்கும் அமைப்புக்கு 'எல்லாருக்கும் காத்திரு' என்ற பொருளுள்ள பெயர். முழுதாக அணைந்து எழும் கிளஸ்டர், எல்லாச் சர்வரையும் ஒரு தடவையாவது பார்க்கும்வரை எதையும் தொடங்காது. பார்த்ததும் டிஆர்பிடி தன் தலைமுறைக் குறிகளை ஒப்பிட்டு, யாருடையது புதியது என்று கண்டு, மாறிய பகுதிகளை மட்டும் பிரதி செய்துவிடும். இரு சர்வர் மட்டுமுள்ள முறையில் இந்தக் காத்திருப்பு தானாகவே அமைந்துவிடும். ஆனால் மேலே சொன்ன மூன்றாவது வாக்கைச் சேர்த்ததும் அது தானாக வராது, நாமே அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால், பியும் அந்தச் சின்னப் பெட்டியும் சேர்ந்தாலே மூன்றில் இரண்டு வாக்கு ஆகிவிடும். நன்மைக்காகச் சேர்த்த பொருளே பழைய தரவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. கவனிக்காமல் விடப்படும் அமைப்புகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இதோடு சேர்ந்தது யூபிஎஸ் அணைக்கும் ஒழுங்கு. பற்றரி குறையும்போது சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தால், முதலாவது அணையும்போதே சேவை இரண்டாவதுக்கு ஓடும். அது எழும்பி முடிவதற்குள் அதுவும் அணையும். நட் என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளஸ்டரை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அப்புறம் நெட்வர்க் ஸ்விட்ச். சர்வருக்கெல்லாம் யூபிஎஸ் கொடுத்துவிட்டு ஸ்விட்சைச் சுவரில் நேராகச் செருகியிருப்பதை எத்தனையோ அலுவலகங்களில் காணலாம். கரண்ட் போன மறுநொடி சர்வர்கள் ஒன்றையொன்று காணாமல் சண்டைக்குத் தயாராகும். இரண்டுக்கும் நடுவில் நேரடிக் கேபிள் ஒன்றும், ஸ்விட்ச் வழியாக இன்னொரு பாதையும் இருந்தால் இது வராது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி உள்ள பகுதி என்பதால், தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் இடையில் செம்புக் கேபிள் இழுக்காமல் ஃபைபர் போடுவதும் இதே வகைக் கவனம்.

தூரமும் பிரதியும்

'ஒன்றை ஹட்டனிலும் மற்றதைக் கொழும்பிலும் வைத்தால் மண்சரிவுக்கும் தப்பலாமே?' என்ற கேள்வி கட்டாயம் வரும். சி முறையில் ஒவ்வொரு எழுத்தும் மறுபக்கம் போய்த் திரும்பும்வரை காத்திருக்கிறது. போய்வர 10 மில்லிவிநாடி ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் வேலையில் விநாடிக்கு 100 எழுத்துக்கு மேல் போக முடியாது. சின்னச் சின்னக் கோப்புகளைச் சேமிக்கும் ஆபீசுக்கு அது ஆமை வேகம். கிளஸ்டர் ஒரே வளாகத்தில் இருக்கட்டும். தூரத்துக்குப் போவது இரவில் எடுக்கும் பேக்கப்பாக இருக்கட்டும். அந்த பேக்கப் எப்படியும் வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் டிஆர்பிடி அந்த அழிப்பையும் அதே விசுவாசத்தோடு மறுபக்கம் பிரதி செய்துவிடும்.

கணக்குக்கிளையில் விண்டோஸ் கணினிகள் இருந்தால் இன்னொரு விஷயம். அவை விண்டோஸுக்குக் கோப்புப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் வழியாக வருகின்றன, என்எஃப்எஸ் கிளையன்ட் போலக் காத்திருப்பதில்லை. இடமாற்றத்தில் திறந்திருந்த எக்செல் கோப்பு பிழை காட்டும். அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது, பிறகு சமாதானம் சொல்வதை விட எளிது.

எல்லாருக்கும் இது வேண்டுமா? ஆறேழு கணினி உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் கிளஸ்டரைச் சொல்லமாட்டேன். 99.9 சதவீத நேரம் சேவை இருக்க வேண்டும் என்றாலே வருஷத்துக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் நிற்க இடம் இருக்கிறது. ஒழுங்கான பேக்கப்பும், அலமாரியில் அணைத்து வைத்த ஒரு மாற்று இயந்திரமும், அதில் தரவை ஏற்றத் தெரிந்த ஒருவரும் இருந்தால் பெரும்பாலும் போதும். கிளஸ்டரைப் புரிந்துகொள்ள ஆளில்லாத இடத்தில் கிளஸ்டரே பழுதுக்குக் காரணமாகிவிடும்.

வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் சோதனையை ஷட்டவுன் கட்டளையால் செய்ய வேண்டாம். அந்தக் கட்டளையில் சர்வர் சொல்லிவிட்டுப் போகிறது; நிஜப் பழுது சொல்லிக்கொண்டு வராது. ஒரு பெரிய கோப்பைப் பிரதி செய்துகொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்க வேண்டும், இன்னொரு நாள் நெட்வர்க் கேபிளை மட்டும், இன்னொரு நாள் கெர்னலைச் செயற்கையாக உறையவைத்து. ஒவ்வொன்றிலும் திரை எத்தனை விநாடி நின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கொரோசின்க் 3.1 முதல், மற்றது பதில் தரவில்லை என்று கண்டுபிடிக்க இயல்பாக மூன்று விநாடி, பிறகு ஃபென்ஸிங், பிறகு மவுண்ட், பிறகு சலுகை நேரம். நீளமாக இருப்பது எது என்று பார்த்தால் எங்கே குறைக்கலாம் என்று தெரியும். முதல் சில சோதனைகளை ஆபீஸ் மூடியிருக்கும் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வைத்துக்கொள்ளலாம். அவை ஒழுங்காக முடிந்தால், மாதாந்த அப்டேட்டை வேலைநாள் காலையிலேயே செய்துவிடலாம்: பியை ஒதுக்கி, புதுப்பித்து, சேவையை அங்கே நகர்த்தி, பிறகு ஏ. கிளஸ்டர் உங்களுக்கு அதிகம் உதவப்போவது விபத்து நாளில் அல்ல, இந்த மாதாந்த வேலையில்தான்.